சந்தேகம் கேட்கிறவள்

வகுப்பில் அவள் உட்காருகிற விதமே தனி. நாங்களெல்லாம் கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். அவள் இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில், சுவரில் முதுகைச் சாய்த்து, பாதி உடம்பு எங்கள் பக்கம் திரும்பியிருக்க உட்காருவாள். பலகையில் என்ன எழுதுகிறார்கள் என்பதைவிட அதைப் பார்க்கிற எங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதுதான் அவளுக்கு முக்கியம். ஒழுங்காக உட்கார் என்று எத்தனையோ முறை திட்டு வாங்கியிருக்கிறாள். உடனே நேராகத் திரும்புவாள். பத்து நிமிடத்தில் பழையபடி சுவருக்குப் போய்விடுவாள்.

பிறகு எழுந்து நிற்பாள்.

"சார், எனக்குப் புரியல சார்."

மூன்று வருடத்தில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேனோ தெரியாது. டவுன் பள்ளிகளிலிருந்து வந்த ஆறேழு பெண்கள் அவளுக்கு 'டவுட்டக்கா' என்று பெயர் வைத்தார்கள். மற்றவர்களுக்கு அவள் வெறும் அக்கா. பிளஸ் டூ முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில், லைனில் நின்று பாகங்கள் பொருத்தும் வேலையை இரண்டு வருடம் பார்த்துவிட்டுப் படிக்க வந்தவள். எங்களைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்த அந்தப் பெயரை நானும் இங்கே எழுதாமல் விடுகிறேன். எழுதலாமா என்று அவளைக் கேட்டுக்கொள்ள இப்போது எனக்கு வழியில்லை.

எங்கள் கல்லூரி திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம் இருந்தது. நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இப்போது இதைச் சொன்னால் 'பரவாயில்லையே' என்று பாராட்டுகிறார்கள். அன்றைக்கு அதில் பாராட்டுகிற மாதிரி ஒன்றும் இல்லை. முதல் ஆள் என்றால் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். வேதியியல் வகுப்பில் இருந்த ஐம்பது பேரில் நாற்பது பேர் என் கதைதான். கேட்டால் ஊர்ப்பெயர் மட்டும் மாறும்.

முதல் வாரம் ஆய்வகத்துக்குப் போனோம். எங்கள் துறைத் தலைவர்தான் அந்த வகுப்பை எடுத்தார். கறாரானவர், ஆனால் கெட்டவர் இல்லை. "நாளைக்கு எல்லாரும் அப்சர்வேஷனோட வரணும். இல்லாதவங்கள உள்ள விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். எதைக் கொண்டு வரச் சொல்கிறார்? பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். அவள் எல்லாம் தெரிந்தவள் போலத் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். தெரிந்த மாதிரித் தலையாட்டுவதில் நாங்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள். பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடம் எங்களுக்கு வேறு எதைக் கற்றுக்கொடுத்ததோ இல்லையோ, அதை நன்றாகக் கற்றுக்கொடுத்திருந்தது.

அக்கா எழுந்தாள். "சார், அப்சர்வேஷன்னா நோட்டா சார்? கோடு போட்டதா, போடாததா? ரெக்கார்டும் அதுவும் ஒண்ணா சார்?"

டவுன் பெண்கள் சிரித்தார்கள். துறைத் தலைவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பிளஸ் டூல நீ லேப்புக்கே போனதில்லையா?"

"போனேன் சார். எனக்குப் புரியல சார்."

அவர் சலித்துக்கொண்டே சொன்னார். சோதனை செய்யும்போது கிடைக்கிற அளவுகளை அங்கேயே குறித்துக்கொள்ளச் சின்ன நோட்டு ஒன்று, அதில் அவர் கையெழுத்துப் போட்ட பிறகு சுத்தமாக எழுதப் பெரிய நோட்டு ஒன்று, இரண்டும் வேறு வேறு. நாற்பது பேர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினோம். யாரும் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அவளோடு சேர்ந்து வாசல் வரை நடந்தேன். தண்ணீர் குடிக்கப் பையைத் திறந்தாள். உள்ளே அந்தச் சின்ன நோட்டு இருந்தது. பழுப்பு அட்டை போட்டு, முதல் பக்கத்தில் கட்டம் கிழித்து, பெயர் எழுதி வைத்திருந்தாள்.

"அக்கா, நீங்கதான் ஏற்கெனவே வாங்கி வச்சிருக்கீங்களே. அப்புறம் எதுக்குக் கேட்டீங்க?"

"நீ நாளைக்கு இன்னா பண்ணியிருப்ப?"

நான் அந்த நோட்டின் அட்டையைப் புரட்டினேன்.

"வெளிய நின்னிருப்ப" என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

அவள் சொந்த ஊர் போளூர்ப் பக்கம். தங்கியிருந்தது ரமணாசிரமம் பகுதியில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற ஒரு விடுதியில் வேலை செய்த சித்தியோடு. ஒரு சனிக்கிழமை காலை நோட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுக்க அங்கே போனேன். வெள்ளைக்கார அம்மா ஒருவருக்கும் அவளுக்கும் படிக்கட்டில் வைத்துப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. குழாயில் வெந்நீர் வரவில்லை என்று அந்த அம்மா சொல்கிறார். அதற்கு என்ன காரணம், எப்போது ஆள் வருவான், அதுவரை எந்த அறைக்குப் போய்க் குளிக்கலாம் என்று இவள் விளக்குகிறாள். எல்லாம் இங்கிலீஷில். இலக்கணம் சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. தடுமாற்றம் என்பது மருந்துக்குக்கூட இல்லை.

திங்கட்கிழமை வகுப்பில் அதே ஆள் எழுந்து நிற்கிறாள். "சார், இங்கிலீஷ்ல சொன்னது புரியல சார். ஒரு தடவ தமிழ்ல சொல்லுங்க சார்."

எனக்குக் கோபம்தான் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன். இது என்ன நாடகம் என்று நினைத்தேன். கூட உட்கார்ந்திருக்கிற எனக்கும் சேர்த்தல்லவா கெட்ட பெயர்? ஆனால் சார் தமிழில் சொல்ல ஆரம்பித்தார், ஒரு மாதமாக என் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்த மோல் கணக்கு அன்றைக்குத்தான் தரையில் இறங்கியது. கோபமும் போகவில்லை, பாடமும் புரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு மதியம் சோற்று மூட்டையைப் பிரிக்கும்போது அவளிடம் கேட்டேன்.

"தெரிஞ்சுக்கினே தெரியலன்னு சொன்னா உங்களத்தானே எல்லாரும் மக்குன்னு நெனப்பாங்க?"

அவள் கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். பிறகு சொன்னாள்.

"கம்பெனில எங்க லைன்ல ஒரு பொண்ணு இருந்தா. நம்ம சேத்துப்பட்டுப் பக்கந்தான். கேட்ல மெஷின்ல கார்டக் காட்டிட்டு உள்ள போவணும். அது எப்படின்னு அவளுக்குத் தெரியல. கேக்க வெக்கம். கும்பலோட கும்பலா உள்ள பூந்துடுவா. மாசம் பூரா வேல செஞ்சா. கம்ப்யூட்டர்ல பாத்தா ஒரு நாளும் வரலன்னு இருக்குது. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"நீங்க சொல்லிக் கொடுத்திருக்கலாமே?"

"தெரியலன்னு அவ சொன்னாதானே? சிரிச்சிக்கினே போவா, சிரிச்சிக்கினே வருவா. தெனம் பக்கத்துலதான் நின்னேன். நான்தான் அவ மூஞ்சியச் சரியா பாக்கல."

அதன் பிறகு அவள் ஏன் சுவரில் சாய்ந்து உட்காருகிறாள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் வருடக் கடைசியில் செய்முறைத் தேர்வுக்குத் தேதி போட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் மதியம் இரண்டு மணி. தேதியைப் பார்த்தால் சித்ரா பௌர்ணமி. திருவண்ணாமலைக்காரர்களுக்கு அதற்குமேல் விளக்க வேண்டாம். கிரிவலத்துக்கு லட்சக்கணக்கில் ஜனம் இறங்கிவிடும். வெளியூர் பஸ்களை ஊருக்குள் விடாமல் அந்தந்த ரோட்டிலேயே தற்காலிக நிலையம் போட்டு நிறுத்திவிடுவார்கள். கீழ்பென்னாத்தூர் வண்டி திண்டிவனம் ரோட்டில் நின்றுவிட்டால், ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நாங்கள் நடக்க வேண்டும். பயந்துகொண்டிருந்தோமே தவிர, வாயைத் திறக்கவில்லை. பரீட்சைத் தேதி என்பது மேலிருந்து வருவது, அதைப் பற்றிப் பேசலாம் என்றே எங்களுக்குத் தெரியாது.

அக்கா எழுந்தாள். "சார், அன்னிக்கு பஸ் எங்க சார் நிக்கும்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "பஸ் எங்க நிக்கும்னு பஸ் ஸ்டாண்டுல போய்க் கேளும்மா" என்றார் துறைத் தலைவர்.

"திண்டிவனம் ரோட்டுலயே நிறுத்திட்டா எத்தன மணிக்கு ஊர்ல ஏறணும்னு தெரியல சார். அதான் கேட்டேன்."

"கிரிவலம் வர்றவங்க பதினாலு கிலோமீட்டர் நடக்கறாங்க. உங்களால கொஞ்ச தூரம் நடக்க முடியாதா?"

"நடந்துடுவோம் சார். வந்து சேர்ந்ததும் கை நடுங்கும். பிப்பெட் புடிக்கணும்ல சார்."

அவர் பாடத்துக்குத் திரும்பிவிட்டார். ஆனால் மறுநாள் தகவல் பலகையில் பட்டியல் மாறியிருந்தது. கிராமத்துப் பெண்கள் எல்லோருக்கும் இரண்டு நாள் தள்ளி, காலை ஒன்பதரை. எங்களுக்கு நிம்மதி. ஒருத்தியும் அவளிடம் போய் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவள் தங்கியிருந்த இடத்திலிருந்து கல்லூரிக்குப் பத்து நிமிட நடை. பௌர்ணமி வந்தாலும் தீபம் வந்தாலும் அவளுக்கு எந்தப் பஸ்ஸும் தேவையில்லை.

மற்றவர்களுக்குச் செய்ததையே சொல்லிக்கொண்டு வருகிறேன். எனக்குச் செய்ததைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன் என்று எனக்கே தெரிகிறது.

முதல் பருவத் தேர்வு முடிவு மாசி மாதம் வந்தது. அண்ணன் செல்போனில் பார்த்துச் சொன்னான். துணைப்பாடமான கணக்கில் நான் பெயில். மற்ற எல்லாவற்றிலும் தேறியிருந்தேன். ஆனால் அது என் காதில் ஏறவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தில் போனால் பரீட்சையே போனதுதான். எங்கள் தெருவில் பிளஸ் டூவில் ஒரே பாடத்தில் தவறிய ஒருவர் இருக்கிறார். மற்ற ஐந்தில் தேறியவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை, பெயிலானவர் என்றுதான் இன்றுவரை பெயர். கல்லூரியும் அப்படித்தான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வேறு மாதிரி இருக்கும் என்றே தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, என் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா திட்டவில்லை. "சரி வுடு. எல்லாருக்கும் படிப்பு வருமா?" என்று மட்டும் சொன்னார். அம்மா அழுதாள். மறுநாள் காலேஜ் பஸ் நேரத்துக்கு நான் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தேன். அடையாள அட்டையை ஆணியில் மாட்டிவிட்டேன். பத்து நாளில் செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு ஜாதகம் வந்துவிட்டது. ஒரு பாடத்தில் போனால் என்ன செய்யலாம் என்று எங்கள் வகுப்பு டவுன் பெண்களுக்குத் தெரியும். அவர்கள் கூடப்பிறந்தவர்கள் ஏற்கெனவே கல்லூரியில் படித்தவர்கள். ஆனால் இதுகூட ஒருத்திக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் உச்சி வெயிலில் கொல்லை வரப்பில் அக்கா வந்து நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டரிடமும் கடைக்காரரிடமும் விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேராக அப்பாவிடம் போனாள்.

"மலரோட படிக்கிறேங்க. ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன்."

"கேளும்மா."

"ஒரு பேப்பர் போச்சுன்னா மறுபடியும் காலேஜுக்குப் போவக்கூடாதுங்களா? எனக்கும் ரெண்டு போயிடுச்சு. எங்க வீட்ல கேட்டா அவங்களுக்கும் தெரியல."

அப்பாவுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எங்களுக்கு இன்னாம்மா தெரியும்? நீ காலேஜ்ல போய்க் கேட்டியா?"

"கேக்கணும்ங்க. ஆபீஸ்ல தனியா போய் நிக்க பயமா இருக்குது. நாளைக்கு ஒரு நாள் மலர தொணைக்கு அனுப்புறீங்களா?"

அம்மா அவளுக்கு மோர் கொடுத்தாள். அப்பா என்னைப் பார்த்தார். "போய்ட்டு வாயேன். பாவம், பொண்ணு பயப்படுது" என்றார். நான் படிக்கப் போவதற்கு அல்ல, பயந்த ஒருத்திக்குத் துணையாகத்தான் மறுநாள் அந்தப் பஸ்ஸில் ஏறினேன்.

அலுவலகத்தில் அவள் என்னை முன்னால் விட்டாள். "நீ கேளு, எனக்கு வாய் வரல" என்றாள். நான்தான் கேட்டேன். உள்ளே இருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது அரியர்மா. அடுத்த செமஸ்டரோட சேத்து எழுதிக்கலாம். இதுக்கா இத்தினி நாள் லீவு போட்ட? போ, போய் கிளாஸ்ல உக்காரு." முழுசாக அரை நிமிடம் ஆகியிருக்காது. வெளியே வந்து தூணில் சாய்ந்து நின்றேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அரை நிமிடப் பேச்சில்லாமல் என் ஆயுசே வேறு பக்கம் போய்விட்டிருக்கும்.

மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்தபோது அவளுடையதைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒன்றிலும் பெயில் இல்லை. கணக்கில் எழுபத்தெட்டு.

"உனக்கு எதுல அக்கா ரெண்டு போச்சு?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவளை 'நீ' என்று கூப்பிட்டேன்.

"உங்கப்பா நல்ல மனுஷன்" என்றாள். "பாஸ் பண்ணவ வந்து சொன்னா, புத்தி சொல்ல வந்துட்டாடான்னு இருக்கும் அவருக்கு."

இப்படியே மூன்று வருடம். அதற்கு அவள் கொடுத்த விலை எங்கள் கண்முன்னால்தான் ஏறிக்கொண்டே வந்தது. புரியாதவள் என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறகு எதைச் செய்தாலும் போகாது. அவள் கையைத் தூக்கினாலே துறைத் தலைவர் "வந்துட்டியா" என்பார். சோதனையில் அவள் விடை சரியாக வந்தால் "யாரப் பாத்து எழுதுன?" என்பார். அவள் சிரித்துக்கொண்டே உட்காருவாள். நாங்களோ மெல்லத் தேறிவந்தோம். கேட்காமலே எல்லாம் தெரிந்தது. தெரிந்த பிறகு அவள் பக்கத்தில் உட்காரக் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. மூன்றாம் வருடத்தில் நான் பெஞ்சு மாறிவிட்டேன். அவளுக்குப் பக்கத்தில் யாராவது முதல் வருடத்துப் பெண்கள் மதிய நேரத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவள் ஏன் மாறினாய் என்று என்னைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்கிறவள் அதைக் கேட்கவில்லை.

நான் வகுப்புப் பிரதிநிதி ஆகியிருந்தேன். வம்புதும்பு இல்லாத பெண் என்று தேர்ந்தெடுத்தது துறைத் தலைவர்தான். கடைசிப் பருவத்தில் சென்னையில் மருந்துகளைச் சோதிக்கிற ஓர் ஆய்வகத்திலிருந்து, நேர்காணலுக்கு ஐந்து பேரை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. அரியர் இல்லாமல் அறுபது சதவீதத்துக்கு மேல் வைத்திருந்தவர்கள் எட்டுப் பேர். கணக்கு அரியரை அடுத்த பருவத்திலேயே எழுதி முடித்திருந்ததால் அதில் நானும் உண்டு, அக்காவும் உண்டு. மறுபடி கம்பெனி லைனில் போய் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான் அவள் படிக்க வந்ததே. அந்த வேலைக்காக எங்கள் எல்லோரையும்விட அவள் அதிகம் ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். வெள்ளை கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். தனக்கென்று அவள் ஆசைப்பட்டுச் சொன்னது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

துறைத் தலைவர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தபோது இருவரும் சேர்ந்தே போனோம். கூப்பிட்டது என்னை மட்டும் என்பதால் அவள் அறைக்கு வெளியே நின்றுகொண்டாள். கதவு பாதி திறந்திருந்தது.

அவர் எட்டுப் பெயரையும் எழுதி வைத்திருந்தார். நான்கு பெயரை டிக் செய்துவிட்டு ஐந்தாவதற்கு வந்து நின்றார்.

"இந்தப் பொண்ணுக்கு மார்க் இருக்குது. ஆனா மனப்பாடம் பண்ணி வாங்குனதா இருக்கும். மூணு வருஷமா தெனம் எந்திரிச்சுப் புரியல புரியலங்குது. அங்க போய் அவங்க முன்னாடியும் இதே மாதிரி நின்னா, அடுத்த வருஷம் நம்ம பசங்களக் கூப்பிட மாட்டாங்க. நீ இன்னாம்மா சொல்ற? உனக்குத்தான் அதப் பத்தி நல்லா தெரியுமே."

கேட்டாரே. அவராகவே கேட்டார். என்னிடம் இல்லாத விடை ஒன்றுமில்லை. அவளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று எனக்குத் தெரியும். அந்த எழுபத்தெட்டை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 'அதெல்லாம் அவங்க சந்தேகம் இல்ல சார், எங்க சந்தேகம்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். வாய் வரை வந்தது.

அதற்குள் அவரே பட்டியலின் மேல் விரலை வைத்தார். "நீ பாரு, ஒரு நாளாவது சந்தேகம்னு எந்திரிச்சிருக்கியா? அதனாலதான் உன் பேர முதல்ல போட்டிருக்கேன்."

அந்தச் சந்தேகங்கள் என்னுடையவை என்று சொன்னால் அந்த முதல் பெயர் என்ன ஆகும் என்று யோசித்தேன். அந்த ஒரு நொடி யோசனையை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"நீங்க பாத்து செஞ்சா சரிங்க சார்" என்றேன்.

அவர் ஐந்தாவதாக வேறொரு பெயரை டிக் செய்தார். வெளியே வந்தபோது அக்கா வராந்தா ஓரத்தில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே மின்விசிறி பெரிய சத்தம் போடும், ஒன்றும் கேட்டிருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் பட்டியலைப் பலகையில் ஒட்டினார்கள். அவள் மேலிருந்து கீழே வரை நிதானமாகப் படித்தாள். பிறகு என் கையைப் பிடித்து, "இன்டர்வியூல இங்கிலீஷ்ல பேசணும்டி, வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். மூன்று நாள் மதிய வேளையில் என்னை எதிரே உட்கார வைத்து இங்கிலீஷில் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். நான் திக்கின இடமெல்லாம் திருத்தினாள். எனக்கு வேலை கிடைத்தது. அவள் கேட்ட கேள்விகளில் நான்கை அங்கேயும் கேட்டார்கள்.

பத்து வருடமாகிறது. நான் இன்னும் அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறேன், பதவி உயர்ந்திருக்கிறது. அவள் செல்போன் எண் மாறிவிட்டது. ஒரகடம் பக்கம் பழையபடி லைன் வேலைக்கே போய்விட்டதாக ஒருத்தி சொன்னாள். கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள் என்று இன்னொருத்தி. ரமணாசிரமம் பக்கம் போய் விசாரித்தேன். சித்தி வேலை செய்த விடுதி கைமாறி இப்போது காபிக் கடையாக இருக்கிறது. அவர்களுக்கு யாரையும் தெரியவில்லை. எந்தத் தகவல் உண்மையாக இருந்தாலும் அதில் என் பங்கு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் கல்லூரிக்கு எதிரே பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்கு நடந்து போகிறவள் என்னை ஏற்றிவிடக் கூடவே வந்து நின்றாள். இனிமேல் சொல்ல நேரமில்லை என்று தெரிந்து சொன்னேன்.

"அக்கா, அன்னிக்கு சார் உன்னப் பத்திக் கேட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல."

"தெரியும்" என்றாள். "கதவு தொறந்துதானே இருந்துச்சு."

மூன்று நாளும் எல்லாம் தெரிந்துதான் எதிரே உட்கார்ந்திருந்தாள். என் தப்பில் பாதியையாவது அவள் தலையில் இறக்கப் பார்த்தேன்.

"ஊருக்கெல்லாம் கேக்கறியே அக்கா. அன்னிக்கு உனக்காக உள்ள வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வழக்கம்போல என் முகத்தையே பார்த்தாள்.

"நீ கேப்பன்னு நின்னுக்கினு இருந்தேன், மலரு."